வந்து சொல்லு என்றேன்

வியாழக்கிழமை காலை ஏழு மணி நாற்பது நிமிடம். மைக்ரோவேவ் அடுப்பின் பச்சை இலக்கங்களில் அந்த நேரத்தைப் பார்த்தபடிதான் நான் கதைத்துக்கொண்டிருந்தேன். மொன்றியலில் பெப்ரவரிக் கடைசி. சமையலறை யன்னலின் உட்பக்கமும் உறைந்து வெள்ளை பூத்திருந்தது. மகள் நின்ற, கரீபியன் கடலில் உள்ள குவாதலூப் தீவில் அப்போது எட்டு நாற்பது. எங்களைவிட ஒரு மணித்தியாலம் முந்திய ஊர்.

சாப்பிட்டாயா என்று கேட்டேன், சாப்பிட்டாளாம். வெயிலுக்குத் தொப்பி இருக்கிறதா என்று கேட்டேன், இருக்கிறதாம். பிறகு அவளே சொன்னாள்.

"இண்டைக்கு ஒரு இடத்துக்குப் போறம் அம்மா. புத்தகத்திலை இல்லாத இடம்."

பின்னால் நின்று மதியச் சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டிருந்த என் கணவர், "எங்கையாம்?" என்றார்.

நான் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அவரைக் கடிந்தேன். வெளிக்கிடுகிற பிள்ளையை எங்கே என்று கேட்கிறதா என்றேன். அது மகளுக்கும் கேட்டுவிட்டது.

"அப்ப சொல்லட்டோ, வேண்டாமோ?"

"வேண்டாம். போயிட்டு வந்து சொல்லு."

"சரி. போயிட்டு வாறன்."

அவ்வளவுதான் எங்கள் பேச்சு. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

வெளிக்கிடுகிறவரை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் சரிவராது என்பதை எங்கள் வீட்டில் யாரும் எனக்குச் சொல்லித்தந்ததாக நினைவில்லை. செருப்பை வாசலில் கழற்றுவதுபோல அது உடம்போடு வந்தது. நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர். பங்குச் சுவாமியார் பிரசங்கத்தில் இரண்டு தரம் இதைக் கண்டித்திருக்கிறார். ஆனால் பூசை முடிந்து அவர் காரில் ஏறும்போது அவரைக்கூட யாரும் எங்கே என்று கேட்டதில்லை.

இலங்கையில் சண்டை நடந்த காலத்தில் இந்தப் பழக்கத்துக்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. போகிறவர் எங்கே போகிறார் என்று தெரியாமலிருப்பதுதான் வீட்டிலிருப்பவர்களுக்குப் பாதுகாப்பு. தெரிந்தால் யாராவது வந்து கேட்கும்போது சொல்லவேண்டிவரும். என் அண்ணை ஒருநாள் விடிய சைக்கிளை எடுத்தபோது நான்தான் படலையைத் திறந்துவிட்டேன். கேட்கவில்லை. அவர் திரும்பி வரவில்லை. கேட்டிருக்கலாமே என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை என்பதை இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன். கேட்காமல் விட்டதை அவருக்கு நான் செய்த ஒரு உதவியாகவே அவ்வளவு காலமும் மனதில் வைத்திருந்தேன்.

மகளுக்கு அப்போது இருபது வயது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். படிப்பு விடுமுறை வாரத்தில் சிநேகிதியோடு தீவுக்குப் போகப்போகிறேன் என்று தைப்பொங்கலுக்குக் கொஞ்சம் பிந்திச் சொன்னாள். அந்தச் சிநேகிதி பிரெஞ்சு பேசும் கியூபெக் பிள்ளை. மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் தாயும் அவளும் மட்டும். தாய் ஆஸ்பத்திரியில் தாதி, கூடுதலாக இரவு வேலை. அவரோடு வேலை செய்யும் ஒரு பெண்ணின் தமக்கை அந்தத் தீவில் இருக்கிறார், ஓய்வுபெற்ற ஆசிரியை, வீட்டில் ஒரு அறையை வாடகைக்கு விடுகிறார் என்றாள். ஓட்டலில் நில்லுங்கள் என்றேன். ஓட்டல் என்றாலாவது வாசலில் ஒரு ஆள் நிற்பான். நான் வேலை செய்யும் குழந்தைகள் காப்பகத்தில் பாதிப்பேர் மாரிக் குளிருக்கு அப்படிப்பட்ட ஓட்டல்களுக்குப் போய், ஒரு கிழமை சாய்வு நாற்காலியில் கிடந்து, மூக்கு உரிந்து திரும்பி வருகிறவர்கள்தான். இவளுக்கு அது வேண்டாமாம். ஓட்டலுக்கு முன்னால் இருக்கிற கடற்கரை எந்த நாட்டிலும் ஒரே கடற்கரைதான், ஊர்ச்சனம் குளிக்கிற கடலைப் பார்க்கவேண்டும் என்றாள்.

கடல் என்ற சொல்லே அந்த நாட்களில் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சுனாமி வந்து இரண்டு வருடம்தான். கணவரின் ஒன்றுவிட்ட தங்கையை அதில் கொடுத்திருந்தோம்.

கடைசியில் நான் விட்டுக்கொடுத்தது ஒரு நிபந்தனையில். அவளுடைய கைத்தொலைபேசி அங்கே வேலை செய்யாது. ஆகவே காலையில் வெளிக்கிட முதல் ஒரு தரமும், பின்னேரம் ஆறு மணிக்கு ஒரு தரமும் அந்த வீட்டுப் போனுக்கு நான் எடுப்பேன், அவள் நிற்கவேண்டும்.

"மறியலிலை கிடக்கிற கைதியளுக்குக்கூட நாளுக்கு ஒருக்காத்தான் அம்மா," என்றாள். ஆனாலும் ஒத்துக்கொண்டாள்.

அந்த நாலு பின்னேரங்களும் எனக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்தன என்பதையும் எழுதத்தான் வேண்டும். அவள் கொண்டுபோன வழிகாட்டிப் புத்தகத்தின் இன்னொரு பிரதி எங்கள் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதி நூலகத்தில் இருந்தது. அதை எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டுதான் எண்களை அழுத்துவேன். அவள் சொல்லச் சொல்ல விரலால் தேடுவேன்.

ஞாயிறு, கறுப்பு மணல் கடற்கரை. எரிமலை உமிழ்ந்த கல் பொடிந்து மணலானதாம். மத்தியானத்தில் கால் வைக்க முடியாதாம், செருப்போடு தண்ணீர்வரை ஓடவேண்டுமாம். திங்கள், வாழைத் தோட்டத்துக்குள்ளால் ஒரு மணித்தியாலம் நடந்து ஒரு சின்னக் குடா. அங்கே சுற்றுலாக்காரர் யாரும் இல்லை, வலை பழுதுபார்க்கிற மூன்று பேர் மட்டும். அவர்கள் இவர்களைக் கவனிக்கவேயில்லை என்று மகள் பெருமையோடு சொன்னாள். செவ்வாய், கடலோரப் பாறைக்கு அடியிலிருந்து வெந்நீர் ஊறிக் கடலில் கலக்கிற இடம். ஊர்க் கிழவர்கள் பின்னேரத்தில் கழுத்தளவு தண்ணீரில் தொப்பியைக் கழற்றாமல் இருந்து அரசியல் கதைப்பார்களாம்.

"அப்பாவை இதுக்குள்ளை இருத்தினா எழும்பமாட்டார்," என்றாள். கணவருக்குப் புவாண்ட்-கிளேரில் பண்டகசாலைக் கணக்கெழுதும் வேலை. கதிரையிலேயே இருந்து முதுகு பிடித்துவிட்டது. அவர் என் தோளுக்கு மேலால் குனிந்து அந்தப் பக்கத்தின் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

புதன்கிழமை அவள் சொன்னது கடற்கரை இல்லை, ஒரு கோயில். கரும்புத் தோட்ட வேலைக்கென்று அந்தக் காலத்தில் கப்பலில் கொண்டுபோன தமிழ்ச் சனத்தின் பிள்ளைகள் கட்டியது. ஆட்கள் அச்சு அசலாக எங்களைப்போல இருக்கிறார்களாம். கடைப் பலகைகளில் எங்கள் பெயர்கள் பிரெஞ்சு எழுத்தில் உடைந்துபோய்க் கிடக்கின்றனவாம். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. கோயிலைப் பார்க்கிற வயதான அம்மா இவர்களை இருத்திச் சோறு போட்டிருக்கிறார். அங்கே கறிக்குப் பெயர் கொலம்போ என்றதும் கணவர் முதல் தரமாகச் சத்தமாகச் சிரித்தார்.

"செக்பொயின்ற் இல்லாத கொழும்பு எண்டு சொல்லு."

நான் சிரிக்கவில்லை. உள்ளே போனாயா, கும்பிட்டாயா, படைத்ததையா சாப்பிட்டாய் என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். செருப்புக் கழற்றினேன், அவ்வளவுதான் என்றாள். அந்த அம்மாவின் மகன் மீன்பிடிக்கிறவர் என்றும், அவரோடு கனநேரம் கதைத்துக்கொண்டிருந்தோம் என்றும் ஏதோ சொன்னாள். சாமிக்குப் படைத்த சோற்றிலேயே என் மனம் நின்றது.

அடுத்த நாள் வியாழன்.

அன்று முழுவதும் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. காப்பகத்தில் பின்னேரம் பிள்ளைகளைப் பெற்றோரிடம் கொடுக்கிற பொறுப்பு என்னுடையது. கூட்டிப்போகிறவர் யார், எத்தனை மணி, வேறு யாராவது வந்தால் ஏன் என்று கேட்டு எழுதாமல் நான் ஒரு பிள்ளையைக்கூட வாசலைத் தாண்ட விட்டதில்லை. அன்றும் ஒரு தகப்பனோடு இதற்காக வாக்குவாதப்பட்டேன். பனிச்சேறு மிதித்து வீடு வந்து, உடுப்பு மாற்றி, சரியாக ஆறு மணிக்குப் போனை எடுத்தேன்.

வீட்டுக்கார அம்மாதான் பேசினார். இன்னும் வரவில்லை, வழியில் வாகன நெரிசலாக இருக்கும் என்றார். ஆறரைக்கு எடுத்தேன். ஏழுக்கு எடுத்தேன். அங்கே எட்டு மணி, இருட்டி வெகுநேரம். அவருடைய குரல் மாறியிருந்தது. காலையில் தான் சந்தைக்குப் போய்விட்டதாகவும், பிள்ளைகள் வெளிக்கிட்டதைப் பார்க்கவில்லை என்றும், பொலிசுக்குச் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். இந்தத் தீவில் கடற்கரைக்குக் கணக்கில்லை, எந்தப் பக்கம் என்று தெரியாமல் இரவில் தேட முடியாது என்கிறார்களாம். பிறகு கேட்டார்: காலையில் நீங்கள் மகளோடு பேசினீர்களே, எங்கே போகிறோம் என்று சொன்னாளா?

நான், "இல்லை, ஒன்றும் சொல்லவில்லை," என்றேன்.

அதைச் சொல்லும்போது பொய் என்று தோன்றவில்லை. அவள் இடத்தின் பெயரைச் சொல்லவில்லைதானே. எட்டரைக்குச் சிநேகிதியின் தாய் வேலையிடத்திலிருந்து எடுத்தார். நாங்கள் அதுவரை இரண்டு தரம்தான் போனில் பேசியிருந்தோம். தன் மகள் போய் இறங்கிய அன்று ஒரு தரம் பேசியதோடு சரி என்றார். "உங்கள் மகள் காலையும் மாலையும் பேசுகிறாளாம். அவள் ஏதாவது சொல்லியிருப்பாள். எதுவானாலும் பரவாயில்லை, யோசித்துப் பாருங்கள்."

நான் யோசித்ததாகக் காட்டக் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தேன். பிறகு, சாப்பிட்டேன் என்றாள், தொப்பி இருக்கிறது என்றாள், வேறொன்றும் இல்லை என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். புத்தகத்தில் இல்லாத இடம் என்று சொன்னாள் என்றால், அந்தத் தாய் அடுத்ததாக, அப்படியானால் எங்கே என்று நீங்கள் கேட்கவில்லையா என்பார். கேட்கவிடவில்லை, சொல்லவந்த பிள்ளையின் வாயையும் அடைத்தேன் என்று எந்தப் பிரெஞ்சில் சொல்வது? கேட்டால் தடை என்பதற்கு அந்த மொழியில் எனக்குச் சொல் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். நான் அரசாங்க வகுப்பில் பிரெஞ்சு படித்தவள், ஊரில் பத்து வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள். நான் அந்தத் தாய்க்கு முன்னால் ஒரு பட்டிக்காட்டுப் பெண்ணாக நிற்கப் பயந்தேன். மகள் உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாத அந்த நேரத்திலும் எனக்கு அந்தப் பயம் வந்தது. இதுதான் என்னால் தாங்க முடியாதது.

கணவர் நாலடி தள்ளி நின்று இரண்டு பதில்களையும் கேட்டார். பிறகு போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார்.

அன்றிரவு படுக்கவில்லை. புத்தகத்தில் கடற்கரை என்று வந்த பக்கமெல்லாம் புரட்டினோம், அவள் போன இடம் அதில் இல்லை என்று தெரிந்துகொண்டே. நான் அந்தோனியாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். காணாமற்போன கதவுத் திறப்புக்கும் மோதிரத்துக்கும் கூப்பிடுகிறவரைப் பிள்ளைக்கும் கூப்பிடலாமா என்று யோசித்ததும் நினைவிருக்கிறது. ஐந்தரை மணிபோலக் கணவர் எதிர்க் கதிரையில் வந்து இருந்தார்.

"இஞ்சாரும். அவ காலமை சொன்னதை நீர் சொல்லுறீரோ, நான் சொல்லட்டோ?"

என்னில் அவருக்குக் கோபம் இருந்ததா என்று இன்றைக்கும் தெரியாது. குரலில் இல்லை.

ஆறு மணிக்கு வீட்டுக்கார அம்மாவுக்கு எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மகள் சொன்ன சொற்கள், நான் தடுத்தது, ஏன் தடுத்தேன் என்பது. என் பிரெஞ்சு பிழை பிழையாக வந்தது. அவர் இடைமறிக்கவில்லை. முடிந்ததும் பழைய ஆசிரியைக்கே உரிய விதத்தில் ஒரு கேள்வி மட்டும் கேட்டார். புத்தகத்தில் இல்லாத இடம் என்றால் யாரோ ஊர்க்காரர் சொன்ன இடம். முதல்நாள் அவர்கள் யாரோடு பேசினார்கள்?

கோயில், அந்த அம்மா, மீன்பிடிக்கிற மகன் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் போனை வைத்துவிட்டார்.

மீன்பிடிக்கிறவர் கேட்டவுடன் சொன்னாராம். தீவின் வடக்குக் கரை முழுவதும் செங்குத்துப் பாறை. அதில் ஒரு இடத்தில் பாறை வெடிப்புக்குள்ளால் கயிற்றைப் பிடித்து இறங்கினால் ஒரு துண்டு வெள்ளை மணல். கரையிலிருந்து பார்த்தால் தெரியாது. அவருடைய தகப்பன் காட்டிக்கொடுத்த இடம், பிள்ளைகளுக்கு வழிப்படம் கீறிக் கொடுத்தவர் இந்த மகன்தான். ஆனால் வடக்கிலிருந்து பெரிய அலை வருகிற நாட்களில் இறங்கக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். எது பெரிய அலை என்று மொன்றியலில் வளர்ந்த பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

பதினொன்றரைக்குப் போன் வந்தது. இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்றுதான் அந்த அம்மா தொடங்கினார். அந்த நன்றி எனக்கு அவரிடம் என்றைக்கும் உண்டு. மற்றதைப் பிறகுதான் சொன்னார். சிநேகிதியின் கால் பற்றி அப்போது அவருக்கே முழுதாகத் தெரியாது.

மகள் அடுத்த புதன்கிழமை வந்தாள். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, என் கோட்டின் கையை மட்டும் பிடித்துக்கொண்டு நடந்தாள். உதடு வெடித்து, இரண்டு உள்ளங்கைகளிலும் கட்டுப் போட்டிருந்தது. நடந்ததை ஒரேயடியாகச் சொல்லவில்லை. பாத்திரம் கழுவும்போது கொஞ்சம், பஸ்ஸில் கொஞ்சம் என்று ஒரு மாதமாகச் சொன்னாள். எனக்கு நேரே சொன்னதைவிடத் தகப்பனுக்குச் சொல்லி நான் கேட்டதுதான் கூட.

அந்த இடம் தான் பார்த்த இடங்களிலெல்லாம் மிக அழகானது என்றாள். அதைச் சொல்லத் தயங்கினாள், பிறகும் சொன்னாள். மணலில் ஒரு காலடியும் இல்லை. பாறையிலிருந்து நல்லதண்ணீர் சொட்டிச் சொட்டி மணலில் ஒரு சின்னக் கிண்ணம்போலக் குழி விழுந்திருந்தது. அதில் முகம் கழுவினார்கள். இரண்டு மணித்தியாலம் உலகத்தில் வேறு ஆட்களே இல்லாததுபோல இருந்ததாம். பிறகு அலை பெருத்தது. மணல் குறையக் குறையச் சாமான்களை எடுத்துக்கொண்டு கயிற்றடிக்கு வந்தார்கள். சிநேகிதி முதலில் ஏறினாள். பாறை நனைந்திருந்தது. பாதியில் கை வழுக்கி விழுந்து, கால் இரண்டு கல்லுக்கு இடையில் முறிந்தது.

மகள் அவளை இழுத்துப் பாறையில் ஒரு திட்டுக்கு ஏற்றினாள். விட்டுவிட்டு உதவிக்கு ஏறிப்போகலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் பெரிய அலை வந்தபோதெல்லாம் தண்ணீர் அந்தத் திட்டுவரை எட்டியது, பிடிக்காமல் விட்டால் அவளைக் கொண்டுபோய்விடும். அதனால் கயிற்றின் தொங்கலைத் தன் இடுப்பில் சுற்றி, அவளைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு இருந்தாள். மத்தியானத்திலிருந்து மறுநாள் மத்தியானம் வரை. இரவில் சிநேகிதி தன் தாயைக் கூப்பிட்டாளாம். விடியப்புறம் கூப்பிடுவதும் நின்றுவிட்டதாம்.

சிநேகிதியின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இரத்த ஓட்டம் நின்று அதிக நேரமாகிவிட்டது என்று அங்கேயுள்ள வைத்தியர் சொன்னதாக மகள் தகப்பனுக்குச் சொன்னாள். நான் அப்போது அடுப்படியில் நின்றேன். நான் நின்றது அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

ஏழு மணிக்கு நான் சொல்லியிருந்தால், வீட்டுக்கார அம்மா எட்டரைக்குள் அந்தக் கோயிலடிக்குப் போயிருப்பார். மீனவர் இரவென்று பார்த்திருக்கமாட்டார். நடுச்சாமத்துக்குள் ஆட்கள் விளக்கோடு இறங்கியிருக்கலாம். இருட்டில் அந்த அலையில் யாராலும் இறங்கியிருக்க முடியாது, விடியும்வரை பார்த்துக்கொண்டுதான் நின்றிருப்பார்கள் என்று கணவர் சொல்வார். அதுவும் உண்மையாக இருக்கலாம். எனக்கு எது உண்மை என்று சொல்ல உலகத்தில் ஒருவரும் இல்லை.

மகள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் வந்ததிலிருந்து ஒரு புதுப் பழக்கம். வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, நான் கேட்காமலே, போகிற இடத்தை முழுதாகச் சொல்லுவாள். மெட்ரோவில் இந்த நிலையம், அங்கிருந்து இந்த பஸ், நூலகத்தில் மூன்றாம் மாடி, பிறகு இன்னாருடைய வீடு, அதன் இலக்கம். சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையாட்டுவேன். அவள் சொல்லச் சொல்ல எனக்கு உள்ளங்கை வியர்க்கும். வெளிக்கிடும்போது இடத்தைச் சொல்லிவிட்டாளே என்று ஒரு பயம், சொல்லாமல் போனால் என்ன ஆகும் என்று இன்னொரு பயம். இரண்டும் ஒன்றையொன்று குறைப்பதில்லை. கதவு மூடியதும் ஒரு துண்டில் எல்லாவற்றையும் எழுதிவைத்துவிட்டு, அவள் வந்த பிறகு கிழித்துப் போடுவேன்.

சிநேகிதியை மார்ச் நடுவில் மொன்றியலுக்குக் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு நாங்கள் மூன்று தரம் போனோம். மூன்று தரமும் தாய் அங்கே இல்லாத நேரமாகப் பார்த்து நான் போனேன். கணவருக்கு அது தெரியும். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் பொரித்துக் கொண்டுபோன பற்றிஸை ஒவ்வொரு தரமும் இரண்டு சாப்பிட்டது. போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்க்காமல் நான் யன்னலோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு வருவேன்.

ஒருநாள் தாய் வருவார் என்று எனக்குத் தெரியும். வந்து என்ன கேட்பார் என்று ஒவ்வொரு இரவும் வெவ்வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தேன். வீட்டுக்கார அம்மா அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருப்பார். முதல்நாள் இரவு ஒன்றுமில்லை என்ற தாய்க்கு மறுநாள் காலை எப்படி நினைவு வந்தது என்று கேட்பார். ஏப்ரல் வந்தது. நடைபாதைப் பனி கறுத்துக் கரைந்தது. அவர் வரவில்லை. வராமலிருப்பது வருவதைவிட மோசமாக இருந்தது.

ஈஸ்டருக்குப் பிந்திய சனிக்கிழமை, பின்னேரம் மூன்று மணிபோல, கீழ்வாசல் மணி அடித்தது. மகள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். கணவர் இறங்கிப்போய்க் கதவைத் திறந்து, கூட்டிக்கொண்டு மேலே வந்தார். சிநேகிதியின் தாய், என்னைவிட இளமையான பெண். வேலை முடிந்து நேரே வந்திருக்கவேண்டும், கோட்டுக்குக் கீழே தாதிச் சீருடை தெரிந்தது. நாங்கள் சொல்லாமலே சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். காலுறையில் ஒரு விரல் வெளியே தெரிந்தது. அதை மறைக்க மற்றக் காலை மேலே வைத்துக்கொண்டு சோபாவின் நுனியில் இருந்தார்.

தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தேன். அவர் தொடவில்லை. கணவர் எங்களைத் தனியே விடுவதற்காக அறைக்குள் போகப் பார்த்தார், அந்தத் தாய்தான் அவரையும் இருங்கள் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நான் தேடிய எதுவும் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

"நன்றி சொல்லவேண்டும் என்று வந்தேன்," என்றார். "முன்பே வந்திருக்கவேண்டும். உங்கள் மகளிடமிருந்து அந்த ஒரு தகவலாவது உங்களுக்குக் கிடைத்தபடியால்தான் அவர்களைத் தேடிப்போக முடிந்தது என்று அங்கேயிருந்த வீட்டுக்கார அம்மா சொன்னார். என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை."

நான் வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"இன்னொன்றும் கேட்கவேண்டும். அன்று காலை நீங்கள் போனில் பேசும்போது என் மகளும் பக்கத்தில்தான் நின்றாளாம். அவள் இரண்டு காலில் நின்ற கடைசிக் காலை அது. நான் அதில் இல்லை, நீங்கள்தான் இருந்தீர்கள். உங்கள் மகள் என்ன சொன்னாள், நீங்கள் என்ன சொன்னீர்கள், தொடக்கத்திலிருந்து ஒரு சொல்லும் விடாமல் எனக்குச் சொல்லுங்கள். இன்றைக்கு இனி எனக்கு வேலை இல்லை. நேரம் இருக்கிறது."